சிவப்பு மூடி, நீல மூடி

ஜெகபர் சாதிக்குக்குப் போக வேண்டிய வாட்ஸ்அப் செய்தி, ஸ்ரீரங்கம் மகளிர் ததியாராதனைக் குழுவுக்குப் போய்விட்டது.

அம்ருதா அதைக் கவனிக்க முழுசாக நாலு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் பதினோரு மாமிகள் படித்துவிட்டார்கள். செய்தி இதுதான்:

"சிவப்பு மூடி ரவை சுட்டா நடுவுல கெட்டியா நிக்குது. நீல மூடி ரவை கொஞ்சம் சிதறுது. ஆனா போன சனிக்கிழமை நீலம்தான் ஜோரா வந்துச்சு. ஞாயித்துக்கிழமைக்கு எதைப் போடலாம்? சீக்கிரம் சொல்லுங்க."

ஜெகபர் சாதிக், ஊருக்கு வெளியே ஒரு துப்பாக்கி கிளப்பில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறவர். அம்ருதா அங்கே மூன்று வருஷமாகக் குறிபார்த்துச் சுடுகிறாள். காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான் போட முடியும். மிளகு அளவில் இருக்கும் அந்த ஈயக் குண்டை மற்றவர்கள் பெல்லட் என்பார்கள். சாதிக் பாய்க்கு அது ரவை. கேட்டுக் கேட்டு அவளுக்கும் ரவையாகிவிட்டது.

சிவப்பு மூடி டப்பாவில் இருப்பது 4.49 மில்லிமீட்டர். நீல மூடி டப்பாவில் 4.50. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கான இந்த வித்தியாசத்துக்காக, தீபாவளி கழிந்த முதல் சனிக்கிழமையிலிருந்து பத்தொன்பது வாரம், வாரத்துக்கு இதில் பத்து அதில் பத்து என்று சுட்டு, ஒரு நோட்டில் எழுதி வந்தாள். பத்து வாரம் சிவப்பு ஜெயித்திருந்தது, ஒன்பது வாரம் நீலம். மேகமூட்டமான நாளில் நீலம், வெயில் அடித்தால் சிவப்பு என்று ஒரு கண்டுபிடிப்பு வேறு.

இவ்வளவும் எதற்கு? வருகிற ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். பெண்களுக்கு ஒரே ஒரு இடம். போன வருஷம் அது ஒரே ஒரு புள்ளியில் கைநழுவிப் போயிற்று. அந்த ஒரு புள்ளிக்கு ரவைதான் காரணம் என்பதில் அம்ருதாவுக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தக் குழுவில் இருக்கிற மாமிகள், பாகவதர்களுக்கு அன்னமிடுவதற்காகச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு ரவை என்றால் ரவை, சுடுவது என்றால் எண்ணெய்ச் சட்டியில். போதாக்குறைக்கு அதே ஞாயிற்றுக்கிழமைதான் அம்ருதாவுடைய கணவனின் அண்ணா வீரராகவன் வருஷா வருஷம் வீட்டில் நடத்தும் ததியாராதனை. இருநூறு இலை.

மலைக்கோட்டை அடிவாரத்தில், தான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை ஆபீசில் உட்கார்ந்தபடி அம்ருதா அவசர அவசரமாகச் செய்தியை அழித்தாள். அழிந்தது. அவளுடைய போனில் மட்டும் அழிந்தது. எல்லோருக்கும் அழிப்பதற்கு வேறு பொத்தான் என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது, இனிமேல் அந்தப் பொத்தானை எங்கே போய்த் தேடுவது?

முதல் பதில் வந்துவிட்டது. வீட்டிலிருந்தேதான். வீரராகவனின் மனைவி செண்பகவல்லி மன்னி எழுதியிருந்தாள்.

"ரவா அப்பமா? நம்மாத்து ததியாராதனைக்கா? பேஷ் பேஷ்."

அம்ருதா தலையில் கை வைத்துக்கொண்டாள். மன்னிக்குக் கண்ணாடி போடாவிட்டால் எதிரில் வருவது மனுஷரா மாடா என்று தெரியாது, ஆனால் போனில் பதில் போடுவதற்கு மட்டும் முதல் ஆள். அப்புறம் என்ன, மாமிகள் பிடித்துக்கொண்டார்கள். வறுத்த ரவையா வறுக்காததா என்று ஒருத்தி. சிதறினால் கொஞ்சம் அரிசி மாவு சேர்க்கலாமே என்று இன்னொருத்தி. வெல்லப் பாகு பதம் சரியில்லை என்று மூன்றாமவள்.

நிறுத்துவதற்காக அம்ருதா எழுதினாள்: அது வெளிநாட்டு ரவை, கிடைப்பது கஷ்டம், அப்பத்தை மறந்துவிடுங்கள்.

அதைவிட மோசமாக ஒன்றை எழுதியிருக்க முடியாது. வெளிநாட்டு ரவை பெருமாளுக்கு ஆகுமா ஆகாதா என்று குழு இரண்டாகப் பிரிந்தது. அரை மணியில் விஷயம் மாமிகளிடமிருந்து மாமாக்களுக்குப் போய், மத்தியானத்துக்குள் வீரராகவனின் காதுக்குப் போய்விட்டது.

வீரராகவன் ஆசாரத்தில் ஒரு நூல் பிசகினாலும் விடாதவர். அம்ருதா ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டபோதே ஆறு மாசம் அவளோடு பேசவில்லை. அதனால்தான் துப்பாக்கியைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. சனி ஞாயிறு காலை யோகா என்று சொல்லி வைத்திருந்தாள். கணவன் லக்ஷ்மிகாந்துக்கு எல்லாம் தெரியும். அண்ணா எதிரில் வாயைத் திறப்பது எப்படி என்பது மட்டும் தெரியாது.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் வீரராகவன் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த ரவையைக் கொண்டு வரச் சொன்னார். பார்த்துவிட்டுத்தான் பெருமாளுக்குப் படைக்கிற தளிகைக்கு ஆகுமா என்று சொல்வாராம்.

"அது தளிகைக்கு ஆகாது," என்றாள் அம்ருதா.

"ஆகாததை எதுக்கு ஆத்துல வெச்சிண்டிருக்கே?"

டப்பாக்களை கிளப்பில் வைத்தால் தர்மராஜ் என்கிற ஆசாமி தன்னுடையது மாதிரி எடுத்துச் சுட்டுவிடுவான், அதனால் வீட்டில் வைத்தேன் என்றா சொல்ல முடியும்? அவள் முழித்துக்கொண்டு நிற்கும்போதே மன்னி விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனாள். அலமாரியில் கொலுபொம்மைப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு இரண்டு டப்பாக்களையும் எடுத்தாள். நீட்டிய கையோடு காத்திருந்த வீரராகவனைத் தாண்டி நேரே உள்ளே போய்விட்டாள். கலகலவென்று ஒரு சத்தம்.

"என்னடி ரவை இது, இப்படிச் சத்தம் போடறது?" என்றார் வீரராகவன்.

"கெட்டி ரவைன்னா. ரெண்டு டப்பா இடத்தை அடைக்கறதேன்னு ஒரே சம்படத்துல கொட்டிட்டேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பத்தொன்பது வாரம். ஒரு நோட்டு. எல்லாம் ஒரே சம்படத்தில். இனி எது சிவப்பு எது நீலம் என்று கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அம்ருதாவுக்கு மன்னியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

வீரராகவன் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பம் அவள் பொறுப்பு, காலை ஆறு மணிக்கு மடியாக வந்து அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்றார். அன்றைக்கு ஆபீசில் வேலை இருக்கிறது என்றாள். அந்த நேரம் பார்த்து லக்ஷ்மிகாந்த் உள்ளே வந்தான். ஞாயிற்றுக்கிழமை உன் ஆத்துக்காரிக்கு என்ன வேலை என்று அண்ணா கேட்டார். பாவம், மூன்று வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அவன் சொன்னான்.

"யோகா."

அம்ருதாவுக்குத் திடீரென்று எல்லாம் அலுத்துப் போயிற்று. இந்தப் பொய், அந்தப் பொய், அப்பம், அரிசி மாவு. போதும் என்று தோன்றியது.

"யோகாவும் இல்ல, ஆபீசும் இல்ல. அது துப்பாக்கியில போடற ரவை. நான் துப்பாக்கி சுடறேன். மூணு வருஷமா. ஞாயித்துக்கிழமை போட்டி இருக்கு, போகத்தான் போறேன்."

வீரராகவன் எழுந்து நின்றார். இந்தக் குடும்பத்தில் பெண்டுகள் ஆயுதத்தைத் தொட்டதுண்டா, நாலு பேர் கேட்டால் என்ன சொல்வேன் என்று ஆரம்பித்தார்.

"பெருமாளோட பஞ்சாயுதத்தையும் தினம் சொல்லித்தானே சேவிக்கறேள்?" என்றாள் அம்ருதா. "சக்கரம், வில்லு, வாள்னு அவர் அஞ்சு வெச்சுக்கலாம். நான் ஒண்ணே ஒண்ணு வெச்சிண்டா ஆசாரம் கெட்டுடுமா? நாலு பேர் கேட்டா, நம்மாத்துப் பொண்ணு குறி தப்பாம சுடறான்னு சொல்லுங்கோ."

லக்ஷ்மிகாந்த் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீரராகவன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை போகட்டும். அணியில் இடம் கிடைக்காவிட்டால் துப்பாக்கிப் பேச்சு அன்றோடு சரி, மறு வருஷம் என்கிற கதையெல்லாம் கிடையாது. கிடைத்தால்?

"கெடச்சா, நானே உனக்கு இலை போட்டுப் பரிமாறறேன்."

"இலையை நறுக்கி வையுங்கோ," என்றாள் அம்ருதா.

வீராப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, சனிக்கிழமை பூராவும் சம்படத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காதருகே ஆட்டிக்கூடப் பார்த்தாள். சாதிக் பாய்க்குப் போன் செய்து, இந்தத் தடவை ஆளைச் சரிபார்த்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள். வேறு டப்பா இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டு வகையுமே தீர்ந்துவிட்டது, புதுசு வர ஒரு மாசம் ஆகும், இருப்பதைப் போட்டுச் சுடுங்கள் என்றார் அவர். மன்னி நடுவில் இரண்டு தடவை காபி கொண்டு வந்து வைத்தாள். அம்ருதா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, தர்மராஜ் வாசலிலேயே பல்லைக் காட்டினான்.

"இன்னைக்கு எந்த மூடி மேடம்?"

"மூடியே இல்ல."

அறுபது ரவை. முதல் ரவையைப் போட்டபோது இது எதுவோ என்று மனசு அடித்துக்கொண்டது. பத்தாவதில் கொஞ்சம் குறைந்தது. அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள். எதைப் போட்டோம் என்று தெரியாதபோது எதன் மேல் பழி போடுவது? வீரராகவன் எழுந்து நின்ற கோலம் கண் முன்னால் வந்தது. வரட்டும் என்று கையை நீட்டிச் சுட்டாள். நேற்றுவரை மேகம் எங்கே, வெயில் எங்கே என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றைக்குக் குறியை மட்டும் பார்த்தாள்.

ஐந்நூற்று நாற்பத்தொன்று. அடுத்தவளைவிட நாலு புள்ளி கூட. சாதிக் பாய் பலகையில் பெயரை எழுதியபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. பாகவதர்கள் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். அவள் அணிச் சீட்டை நீட்டினாள். வீரராகவன் அதை இரண்டு தடவை படித்தார். உள்ளே போய் இலையைக் கொண்டு வந்து போட்டார். தண்ணீர் தெளித்தார். சாதம் வைத்தார், நெய் விட்டார். கடைசியில் இரண்டு அப்பம் வைத்தார், மன்னி காலையில் சுட்டது.

"அடுத்த போட்டி என்னிக்கு?" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

சொன்னாள். தலையை ஆட்டிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார்.

சந்தோஷத்தில் அம்ருதா அப்பத்தை அவசரமாக விழுங்கிவிட்டுக் கை அலம்பினாள். ஓடிப் போய், அடுப்படியில் பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்த மன்னியைக் கட்டிக்கொண்டாள்.

"மன்னி, அன்னிக்கு உங்களை மனசுக்குள்ள எப்படித் திட்டினேன் தெரியுமா? இப்பத்தான் புரியறது. சிவப்பும் வேண்டாம், நீலமும் வேண்டாம், ரெண்டையும் கலந்தாத்தான் குறி விழறது. நீங்க முந்தாநாள் கலந்தேளே, அதுதான் என்னைக் காப்பாத்தித்து. பத்தொன்பது வாரமா இது எனக்குத் தோணலை பாருங்கோ."

மன்னி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"முந்தாநாள் எங்கடி கலந்தேன், தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கறச்சேயே ரெண்டும் கைதவறிக் கொட்டிடுத்து, துப்பாக்கி ரவையாச்சே, காணலைன்னா தேடுவியேன்னு டப்பாவுக்குப் பாதியா அள்ளிப் போட்டு மூடி வெச்சேன்."