காளானுக்கு ஒரு மஞ்சள் சீட்டு

1. கம்பெனியின் உலர் அலமாரியில் ஒரு காளான் இருந்தது.
2. அன்று ஆடிட்.
3. காளானைக் காப்பாற்ற நான் ஒரு யோசனை செய்தேன்.
4. காளான் அண்ணனுக்கு மெமோ வந்தது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனையோ கம்பெனிகள். காளானுக்காக மெமோ வாங்கிய மனிதர் அவர் ஒருவர்தான் என்று சூடம் அணைத்துச் சொல்வேன்.

அவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். நான் தரக் கட்டுப்பாட்டில் டிரெய்னி. மழை பெய்த மறுநாள் அவருக்கு அரை நாள் லீவு. கடிதத்தில் காரணம்: 'மழை'. பிள்ளைப்பாக்கம் தைலமரத் தோப்பில் காளான் எடுத்து, உலர்த்தி, எந்த மரத்தடி, என்ன நிறம், என்ன வாசனை என்று சீட்டு எழுதி, சென்னையில் ஒரு கல்லூரியின் தாவரவியல் சேகரிப்புக்குக் கொடுப்பார். அவருடைய டிபன் கேரியரின் மேலடுக்கு காளானுக்கு. அதனால் கேன்டீனில் அவர் குழம்பை யாரும் கேட்டதில்லை.

உலர் அலமாரி என்பது எலக்ட்ரானிக் சிப்புகளில் ஈரம் ஏறாமல் வைக்கும் பெட்டி. ஆடிட் அன்று அதில் அவர் காளான் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, எடுத்துடுங்க. பாத்தாங்கன்னா வேலை போயிடும்."

"இன்னா மேடம் நீங்க. ரெண்டு வருசமா தேடிக்கினு இருந்தது. இன்னும் ரெண்டு நாளு காயணும். இப்ப எடுத்தா பூசணம் புடிச்சிரும்."

"காளானே பூசணம்தானே அண்ணே?"

"அதுக்குன்னு? மனுசன மனுசன் தின்னா பாத்துகினு இருப்பீங்களா?"

மஞ்சள் 'ஹோல்டு' சீட்டு கட்டிய பொருளை, கட்டியவரே கையெழுத்துப் போட்டு விடுவிக்கும்வரை, எங்கள் கம்பெனியில் யாரும் தொடமாட்டார்கள். கட்டினேன். ஆடிட்டர் முதலில் தொடுவதே மஞ்சள் சீட்டைத்தான் என்று பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

நேராக வந்து காளான் பொட்டலத்தைப் பிரித்தார்.

"இது எந்த பார்ட்?"

"காளான் சார்."

அண்ணன் எழுதிய சீட்டை ஆடிட்டர் இரண்டு முறை படித்தார். பிறகு மேனேஜரிடம், "உங்க சிப்புக்கு இவ்வளவு விவரம் இல்லையே" என்றார். அந்த ஒரு வரியால் வேலை தப்பியது. மேனேஜர் மெமோவோடு நிறுத்திக்கொண்டார். காளான் மட்டும் வெளியேற்றப்பட்டது.

பார்சல்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஒரு பிஸ்கட் டின்னில் நிரப்பி, காளானை உள்ளே வைத்து, என் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போனேன். மறுநாள் மெமோவைப் பற்றி வருத்தம் தெரிவிக்கப் போனால், அவர் அதை நாலாக மடித்து ஆடும் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்.

"அது கெடக்குது மேடம். டின்னு மூடி டைட்டா கீதா?"

தோப்பு இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. காளான் கல்லூரி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. கூட இருந்த சீட்டு எதையும் பிரிக்கக் கூடாது என்பது அண்ணனின் விதி. என் மஞ்சள் சீட்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். போன மாதம் போய்ப் பார்த்தேன். 'விடுவித்தவர் கையொப்பம்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அங்கே கையெழுத்துப் போட வேண்டியவள் நான்தான். கைப்பையில் பேனாவும் இருந்தது. போடவில்லை.