மணவாளன் கேக்குக்கு வாசகம் சமைத்த படலம்

வாழி மணவாளன்! மேனாம்பேட்டில் ஏரோட்டிய குடியில் உதித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் வீரன், இரும்பை மயிரிழை பிசகாமல் கடையும் கரத்தோன், ஆங்கில ஆசிரியை கிருஷ்ணப்பிரியாவைக் கைப்பிடித்த பேராண்மையாளன், அவன் வாழி! சொல்லுக்குப் பொருள் சொல்லிவிட்டு, அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று கேட்டால் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்ளும் அகராதித் தேவதையே, நீயும் வாழி! ஆனால் இந்தக் கதை முடியும்வரை சற்றுத் தள்ளியே நில். உன்னால் பட்டது போதும்.

பட்டது யாதெனில், சென்ற ஆண்டு மனையாளின் பிறந்தநாள் கேக்கில் 'விலைமதிப்பற்ற மனைவிக்கு' என்று பொறிக்க விழைந்த நம் வீரன், அகராதியைப் புரட்டி, அங்கே அணிவகுத்து நின்ற சொற்களுள் நெஞ்சை நிமிர்த்தி நின்ற ஒன்றைத் தரதரவென்று இழுத்துவந்து, 'மை காஸ்ட்லி ஒய்ஃப்' என்று எழுதுவித்தான். ஐயகோ! விருந்துக்கு வந்திருந்த கமலம் டீச்சர் அதைப் படித்தார். படித்ததோடு விட்டாரா, பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பினார். அன்று தொட்டு, பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சு வேந்தர்கள் முதல் வாட்ச்மேன் வரை அனைவர் நாவிலும் கிருஷ்ணப்பிரியாவின் திருநாமம் 'காஸ்ட்லி மிஸ்'. பாவம், அவள் என்ன செய்வாள்?

ஆகவே இவ்வாண்டு பிறந்தநாளன்று விடியலிலேயே அரசாணை பிறந்தது.

"கமலம் டீச்சர் இன்னிக்கும் வர்றாங்க. கேக்குல ஒண்ணும் எழுத வேணாம்ங்க. வெறும் கேக்கா வாங்கிட்டு வாங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்."

வெறும் கேக்கா? மொட்டைக் கேக்கா? கேக்கில் போன மானத்தைக் கேக்கிலேயே மீட்பேன் என்று லேத்தின் மேல் கைவைத்துச் சூளுரைத்தான் மணவாளன். வாழ்த்துக்கு ஆங்கிலத்தில் 'விஷஸ்' என்பதில் அவனுக்கு ஐயமில்லை. பட்டறைக்கு வரும் பொங்கல் வாழ்த்து அட்டைகளில் அந்த விஷஸுக்கு முன்னால் ஏதோ ஒரு சூடு இருக்கும் என்பதும் நினைவிருந்தது. எந்தச் சூடு என்பதுதான் மறந்து தொலைந்திருந்தது.

மாலையில் சி.டி.எச். ரோட்டு பேக்கரியில், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னே, போர் மூண்டது. ஒருபுறம் தீக்கொழுந்தைக் கிரீடமாய்ச் சூடி, ஆவி பறக்கும் தேரில், 'என்னைவிடச் சூடு எவனுக்கடா உண்டு?' என்று மார்தட்டி வந்தான் ஹாட் என்னும் பெருமறவன். மறுபுறம், கவசமில்லை, கொடியில்லை, ஆரவாரமில்லை, தோளில் துண்டோடு கல்யாண வீட்டுக்கு வந்தவனைப்போல் நின்றான் வார்ம் என்னும் இளையோன். இருவரில் யார் விஷஸுக்குத் துணை? கைப்பேசியைக் கேட்டான். அது இருவருக்குமே 'சூடான' என்று பொருள் சொல்லிக் கைகழுவியது.

"அண்ணா, சீக்கிரம் சொல்லுங்க. க்ரீம் எறங்குது," என்றாள் அகல்யா, க்ரீம் கூம்பை வேல்போல் ஏந்தி நின்ற பேக்கரிப் பெண்.

"ஹாட்டா, வார்மாம்மா?"

"ஒருத்தர் அத சொல்வாரு, ஒருத்தர் இத சொல்வாரு. நீங்க சொல்றத எழுதுவேன், அவ்ளோதான்."

பின்னால் பப்ஸுக்காகத் தவமிருந்த ஆட்டோ ஓட்டுநர் கோவிந்தனின் பொறுமை அணை உடைந்தது.

"இன்னா நைனா, கேக்கு வாங்க வந்தியா, பரீட்ச எழுத வந்தியா? ஹாட்டுனு போடு! எதுவுமே சூடா கீறப்பதான் ருசி."

"அதான் நானும் பாக்குறேன் அண்ணாத்தே. வார்முன்னா ஆறிப்போனதாச்சே! ஆறிப்போன டீயே நான் குடிக்க மாட்டேன். ஊட்டுக்காரிக்கு ஆறிப்போன வாழ்த்தா குடுப்பேன்?"

ஆகா, தர்க்கம்! வரிசையே தலையாட்டியது. ஹாட் வெற்றிச் சங்கை உதட்டில் வைத்துவிட்டான். அகல்யாவின் கூம்பு கேக்கை நோக்கித் தாழ்ந்தது. இன்னொரு வருடத்துக்கு இன்னொரு பட்டப்பெயர் கிருஷ்ணப்பிரியாவின் தலையில் விழ இருந்தது.

அக்கணத்தில் மணவாளனின் வலது ஆள்காட்டி விரல் அவனுக்கு ஒன்றை நினைவூட்டியது. நாள்தோறும் கத்திக் கத்திப் பாடம் நடத்தி, தொண்டை கட்டி வீடு திரும்பும் மனைவிக்குத் தண்ணீர் சுடவைப்பது அந்த விரலின் திருப்பணி. கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தால், "இத எப்படிங்க குடிக்கிறது?" என்பாள்; பச்சைத் தண்ணீர் தொண்டைக்கு ஆகாது. அதனால் விரல் விட்டுப் பார்த்து, கொஞ்சம் விளாவி, மறுபடி விரல் விட்டுப் பார்த்துப் பதமாக்கி நீட்டுவான். வாங்கிக் குடித்துவிட்டு அவள் கண்மூடி ஒரு "ஹப்பாடா" சொல்வாளே, அதற்கு ஈடு ஏது? அது ஆறிப்போனதில்லையே! அவளுக்கென்றே ஆற்றியதாயிற்றே!

"நிறுத்தும்மா!" பேக்கரியே அதிர்ந்தது. "எழுது, வார்ம்!"

"எத்தையோ எழுது, எனுக்கு ரெண்டு பப்ஸு குடு," என்றார் கோவிந்தன்.

வென்ற வாசகத்தைப் பெட்டியிலிட்டு, பெட்டியை வண்டி முன்பக்கம் வைத்து, மேனாம்பேட்டுப் பள்ளங்கள் அத்தனையிலும் விழுந்தெழுந்து வீடு சேர்ந்தான் வீரன். கமலம் டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தயாராயிருந்தார். பெட்டி திறந்தது. அந்தோ! கேக்கின் மேல் ஒரு எழுத்துகூட இல்லை. அரசி ஆணையிட்டபடியே மொட்டைக் கேக்கு! எழுதியதெல்லாம் மூடியில் அப்பிக்கொண்டு, இடம் வலமாய்த் திரும்பிக் கிடந்தது. மணவாளனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கிருஷ்ணப்பிரியா மூடியை விளக்குக்கு நேரே தூக்கினாள். கடைசி பெஞ்சின் கையெழுத்தையெல்லாம் படித்துத் திருத்திய கண்கள் அவை. இடவலம் மாறிய எழுத்துக்கா அஞ்சும்?

"வார்ம் விஷஸ்," என்று உரக்கப் படித்தாள். பிறகு கமலம் டீச்சரைத் திரும்பிப் பார்த்து, வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னாள்: "கரெக்ட்."

கமலம் டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, "க்ரீம் நெறைய இருக்குற பீஸா குடும்மா," என்றார்.

முரசங்கள் முழங்கவும், வானோர் பூமாரி பொழியவும், காஸ்ட்லி என்னும் கொடும்பெயர் அம்பத்தூர் எல்லையைத் தாண்டித் தலைதெறிக்க ஓடவும், மேனாம்பேட்டுத் தெருக்கள்தோறும் வாகைசூடி வலம்வர வேண்டிய அந்த மாவீரனை, கிருஷ்ணப்பிரியா ஒருமுறை ஏறிட்டுப் பார்த்து, தொண்டையைத் தடவிக்கொண்டாள்.

மணவாளன் உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தான்.