இரட்டைப் பூட்டில் ஒரு கேமரா

காரில் பயணம் செய்த கேமராக்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கும். அவையெல்லாம் சும்மா ஏறி உட்கார்ந்து போனவை. அரசாங்க விதிமுறைப்படி, இரட்டைப் பூட்டில், முன்னிருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு பயணம் செய்த கேமரா ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெருமை பாளையங்கோட்டை மகாராஜநகர் தில்லைநாயகம் அவர்களையே சாரும். வரலாறு எழுதுகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

தில்லைநாயகம் ஒரு கருவூலத்தில் முப்பத்து மூன்று ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கருவூலம் என்றால் லேசுப்பட்டதா? பெட்டக அறைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஓர் அலுவலரிடம், மற்றது இன்னோர் அலுவலரிடம். இரண்டு பேரும் ஒன்றாக வந்து நின்றால்தான் கதவு திறக்கும். அவர் சாவி வைத்திருந்த காலத்தில் அந்தக் கதவு ஒரு நாளும் தப்பாகத் திறந்ததில்லை. சரியாகத் திறந்ததும் கொஞ்சம் குறைவுதான் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். வயிற்றெரிச்சல்.

கேமரா அவருடைய மணிவிழாவுக்கு மகள் சங்கரி பெங்களூரிலிருந்து அனுப்பியது. முதல் ஆண்டு முழுவதும் அவர் அதன் கையேட்டைப் படித்தார். இரண்டாம் ஆண்டு, ‘எச்சரிக்கை’ என்று போட்டிருந்த பக்கங்களை மட்டும் திரும்பப் படித்தார். படித்த பிறகு கேமராவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். ஆயுத பூஜையன்று வெளியே வந்து, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு, சுண்டலைப் பார்த்துவிட்டு, கேமரா மறுபடி பீரோவுக்குள் போய்விடும்.

அப்பேர்ப்பட்ட கேமராவுக்குத்தான் ஒரு வேலை வந்தது. தில்லைநாயகத்தின் மனைவி பிரம்மநாயகியோடு பிறந்தவர்கள் இரண்டு பேர். விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கும் அக்கா பார்வதியம்மாள். அம்பாசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை வேணி. மூன்று பேரும் ஒன்றாய் நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாண வீட்டுப் படங்களில் இரண்டு பேர் நின்றால் ஒருத்தி பந்தி விசாரிக்கப் போயிருப்பாள். இப்போது பார்வதியம்மாளை மகன் கணேஷ்ராம் மெல்போர்னுக்கு அழைத்துப் போகிறான். வீட்டை விற்றாயிற்று. இனி திரும்பி வருகிற பேச்சே இல்லை.

“ஒரு படம். மூணு பேரும் பாபநாசம் ஆத்துல நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம். அவ்வளவுதான் கேக்கேன்” என்றாள் பிரம்மநாயகி.

தில்லைநாயகம் உருகிவிட்டார். உருகிய கையோடு உட்கார்ந்து நான்கு பக்கத்துக்கு ‘கேமரா பயண ஆணை’ எழுதினார்.

அதன்படி கேமரா ஒரு துண்டில் சுற்றப்பட்டு, ஈரப்பதத்துக்கு எதிராக எவர்சில்வர் சம்படத்தில் பச்சரிசிக்குள் புதைக்கப்பட்டது. சம்படம் ஓர் இரும்புப் பெட்டிக்குள் போனது. பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தில்லைநாயகத்தின் இடுப்பில். மற்றதற்கு ‘இணைப் பொறுப்பாளர்’ வேண்டுமே? அடுத்த வீட்டு எலியேசர் நியமிக்கப்பட்டார். பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாவம், பழகின தோஷம். இரண்டு சாவியும் ஒரே வாகனத்தில் போகக் கூடாது, ஒரே வழியிலும் போகக் கூடாது என்பது ஆணையின் உயிர்நாடி. ஆகவே பெட்டி சேரன்மகாதேவி வழியாகக் காரில் போகும். எலியேசர் ஆலங்குளம், தென்காசி என்று சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வருவார்.

“கார்ல இடம் சும்மாத்தானவே கெடக்கு?” என்றார் எலியேசர்.

“சாவி ரெண்டும் ஒண்ணா இருந்து, வழியில கொள்ளை போனா?”

“கொள்ளைக்காரன் பெட்டியத் தூக்கிட்டுல்லா போவான். அவனுக்குச் சாவி என்னத்துக்கு வே?”

இந்தக் கேள்விக்கு ஆணையில் இடம் ஒதுக்கப்படவில்லை.

புறப்பாடு காலை எட்டு மணிக்கு. முன்னிருக்கையில் பெட்டி ஏறியது. டிரைவர் அகமது மீரான் அதற்குப் பெல்ட் போட்டுவிட்டார். பின்னால் தில்லைநாயகம், அவர் பக்கத்தில், அக்காவுக்காக வாங்கிய உடன்குடிக் கருப்பட்டி ஓலைக் கொட்டானை மடியில் வைத்தபடி பிரம்மநாயகி. இருபத்தைந்துக்கு மேல் வேகம் கூடாது. ஒவ்வொரு வேகத்தடையிலும் கார் நிற்கும். தில்லைநாயகம் இறங்குவார். பெல்ட்டைக் கழற்றிப் பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேகத்தடையை நடந்து கடப்பார். கார் பைய ஏறி இறங்கி அவரிடம் வரும். பெட்டி மறுபடி இருக்கையில் அமர்த்தப்படும். சைக்கிளில் போன ஒருவர் அவர்களை முந்தினார். டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவையும் முந்தினார்.

டீ இவர்களுக்கும் உண்டு, முறை வைத்து. பெட்டியைத் தனியே விடலாகாது. முதலில் டிரைவர் குடித்துவிட்டு வந்தார், பிறகு தில்லைநாயகம். பிரம்மநாயகியின் முறை வருவதற்குள் நேரமாகிவிட்டது.

பாபநாசம் படித்துறைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. அக்காவும் தங்கையும் பத்து மணிக்கே வந்து காத்திருந்தார்கள். பார்வதியம்மாள் அரக்குப் பட்டு கட்டி, தலைக்குச் சாயம்கூடப் போட்டிருந்தாள். வேணி மூன்று பேருக்கும் பிச்சிப்பூ கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கணேஷ்ராம் வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு, இரண்டு மணிக்கு அம்மாவை இங்கேயே வந்து ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் போவதாக ஏற்பாடு. எல்லாம் தயார். எலியேசரைத்தான் காணோம். போன் போட்டால், ஆலங்குளத்துக்கு அங்கிட்டு டயர் வெடித்து, அடுத்த பஸ்ஸுக்காக வேப்பமரத்தடியில் நிற்பதாகச் சொன்னார்.

அகமது மீரான் பொறுமையான மனுஷர். வேகத்தடைகளைக்கூடத் தாங்கிக்கொண்டவர். “அண்ணாச்சி, என் செல்லுல ஒண்ணு எடுத்துருதேன். நல்லாத்தான் விழும்” என்றார்.

“கேமராவ வச்சிக்கிட்டுச் செல்லுல எடுத்தா, கேமரா எதுக்கு?” என்று கேட்டார் தில்லைநாயகம். இந்தக் கேள்வி எவ்வளவு ஆழமானது என்பது கேட்ட அவருக்கே தெரியவில்லை.

பூட்டை ஒரு கல்லால் தட்டினால் என்ன என்று பார்வதியம்மாள் மெதுவாகக் கேட்டாள். பூட்டை உடைப்பதென்றால் மேலதிகாரியின் உத்தரவு, இரண்டு சாட்சி, மகஜர் எல்லாம் வேண்டும் என்று தில்லைநாயகம் விளக்கினார். மேலதிகாரி யார் என்று வேணி கேட்டாள். தில்லைநாயகமே ஓய்வு பெற்றுவிட்டதால் அந்தப் பதவி காலியாக இருந்தது.

சகோதரிகள் ஆற்று மீனுக்குப் பொரி போட்டார்கள். சின்ன வயதுக் கதைகளைப் பேசிச் சிரித்தார்கள். ஒரு மணிக்கு மேல் சிரிப்பு குறைந்தது. ஒன்றரைக்குப் பொரியும் தீர்ந்து, மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பிரம்மநாயகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தில்லைநாயகம் பெட்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். மண்டபத்தில் குரங்குகள் இருந்தன.

சரியாக இரண்டு மணிக்குக் கணேஷ்ராமின் கார் வந்தது.

“சித்தப்பா, நேரமாயிட்டு. பிளேன் நமக்காக நிக்காது” என்றான்.

அகமது மீரானுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. செல்லை எடுத்து, “யம்மா, மூணு பேரும் அப்படியே நில்லுங்க” என்றார். நடுவில் அக்கா, இரண்டு பக்கமும் தங்கைகள். அவர் விரலை அழுத்தவும் மண்டபத்திலிருந்து ஒரு குரங்கு குதிக்கவும் சரியாக இருந்தது. தில்லைநாயகம் குரங்குக்கு எட்டாமல் பெட்டியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார். என்ன சுறுசுறுப்பு, அறுபத்திரண்டு வயதில்! இன்னொரு படம் எடுப்பதற்குள் கணேஷ்ராம் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஏற்றிவிட்டான். கார் போய்விட்டது.

படத்தைப் பார்த்தார்கள். இடது பக்கம் வேணி, வலது பக்கம் பிரம்மநாயகி. நடுவில், அக்காவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பெட்டி. மிகத் தெளிவாக விழுந்திருந்தது. பூட்டு இரண்டும் பளிச்சென்று தெரிந்தன.

எலியேசர் இரண்டரை மணிக்கு வந்து இறங்கினார். சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தே வந்திருந்ததால் கை சிவந்திருந்தது. இரு பொறுப்பாளர்கள் முன்னிலையில் பெட்டி முறைப்படி திறக்கப்பட்டது. அரிசிக்குள்ளிருந்து கேமரா வெளியே வந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு தூசி இல்லை. தில்லைநாயகத்துக்குக் கண் கலங்கியது.

எலியேசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாட்டரி எங்கவே?”

“பீரோவுல. ரொம்ப நாள் எடுக்கலைன்னா கழத்தி வைக்கணும்னு போட்டிருக்கு. பத்திரமா இருக்கு” என்றார் தில்லைநாயகம்.

திரும்பும் வழியிலும் வேகத்தடைகளில் அவர் வழக்கம்போல் இறங்கி ஏறினார். கொண்டுபோன கருப்பட்டிக் கொட்டான் பிரம்மநாயகியின் மடியிலேயே இருந்தது. கொடுக்க மறந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தில்லைநாயகம் பதிவேட்டைத் திறந்து, கட்டம் போட்டு, அழகான கையெழுத்தில் நிரப்பினார். பொருள்: கேமரா ஒன்று. புறப்பட்டபோது நிலை: நன்று. திரும்பியபோது நிலை: நன்று. இழப்பு: இல்லை. சாட்சிக் கையெழுத்துக்காக மனைவியிடம் நீட்டினார்.

பிரம்மநாயகி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள். பேனாவை வாங்கி, ‘இல்லை’ என்பதை ஒரே கோடாக அடித்தாள். பக்கத்தில் ‘அக்கா முகம்’ என்று எழுதினாள்.

அடித்துத் திருத்தினால் ஓரத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது விதி. முப்பத்து மூன்று ஆண்டு அவரோடு குடித்தனம் நடத்தியவள் அல்லவா? அதையும் இட்டுத்தான் கொடுத்தாள்.