அக்கா கல்யாணத்துக்கு நான் கிளாரிட்டி ஏற்றிய கதை

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாருக்கும் ஒரு கிறுக்குப் பிடிக்கும். உலகத்தில் எது கெட்டுப்போயிருந்தாலும் அதற்குள் போட்டு எடுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். எனக்கு இரண்டாயிரத்து மூன்று வாக்கில் பிடித்தது. திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் கம்ப்யூட்டர். அது வந்த வாரத்திலேயே என் நடை மாறிவிட்டதாக அம்மா இன்னும் சொல்வாள்.

அந்தச் சமயம் பார்த்து என் அக்கா செல்வி, கைக்குழந்தையோடு காசிமேட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வந்திருந்தாள். மீஞ்சூரில் அவள் தோழிக்குக் கல்யாணம். கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்த மாமா, அதாவது அவள் புருஷன், அன்று விடியற்காலையில் மீன்பிடி போட்டுக்கு ஆள் குறைகிறது என்று கடலுக்குப் போய்விட்டார். இவள் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மதியம் வரை வாசலிலேயே நின்றிருக்கிறாள். பூ வாடியதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் மாமா வஞ்சிர மீனும் கையுமாக வந்து வந்து நின்றார். மீனை அம்மா வாங்கிக்கொண்டாள். அக்கா உள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

மகள் வாழ்க்கை இப்படி ஆகிவிட்டதே என்று அம்மாவுக்குச் சோறே இறங்கவில்லை. (வஞ்சிரம் இறங்கியது. அது வேறு விஷயம்.) கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "அவங்க கல்யாண நாளு வருதுடா சேகரு. ரெண்டு பேரையும் ஒண்ணா குந்த வச்சி அந்த கல்யாண வீடியோ கேசட்ட போட்டுக் காட்டு. பாத்தாங்கன்னா மனசு எளகிடும்."

கேசட்டை வீடியோ டெக்கில் போட்டுப் பார்த்தேன். மாமா எது, வாழைமரம் எது என்று தெரியாத அளவுக்குக் கலங்கல். இதைப் பார்த்து யார் மனசு இளகும்? கம்ப்யூட்டரில் ஏற்றி, கிளாரிட்டியைக் கூட்டி, கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ரிச்சி தெருவில், வீடியோவைக் கம்ப்யூட்டருக்குள் இழுக்கும் ஒரு கேப்சர் கார்டு வாங்கி மாட்டி, டெக்கிலிருந்து வயரை இழுத்தேன். முதலில் சின்ன சைஸில் ஏற்றினேன். பெரிதாக்கிப் பார்த்தால் எல்லார் முகமும் கட்டம் கட்டமாக இருந்தது. ஊரே முகமூடி போட்டுக்கினு வந்துக்கீதே என்றாள் அம்மா. சரியென்று முழு சைஸில் ஏற்றினேன். அந்த வேகத்துக்கு என் மெஷினால் ஓட முடியவில்லை. படம் விட்டு விட்டு வந்தது. மேளக்காரர் குச்சியை ஓங்கினார், அடுத்த காட்சியில் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்தார். கம்ப்யூட்டர் சென்டரில் விசாரித்ததில், ஏற்றும்போது திரையில் படம் காட்டுவதை அணைத்துவிட்டால் மெஷினுக்குச் சுமை குறையும் என்றார்கள். நல்ல யோசனை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நான் சொந்த மூளையையும் சேர்த்தேன். கேசட்டின் முதுகில், ஓரமாக, சதுரமாய் ஒரு பொந்து இருந்தது. அடடே, கடற்கரையில் இருக்கிறோம், இது வழியாகத்தானே உப்புக்காற்று உள்ளே போய்ப் படத்தை அரித்திருக்கிறது என்று கண்டுபிடித்து, இன்சுலேஷன் டேப் ஒட்டி அடைத்தேன். (அந்த கேசட்டில் யாரும் வேறு எதையும் பதிந்துவிடக் கூடாது என்று வீடியோக்காரர் வேண்டுமென்றே உடைத்துவிட்ட இடம் அது. இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. எனக்கு எல்லாமே பிற்பாடுதான் தெரியும்.)

மற்றதெல்லாம் ஒருவழியாக ஏறிவிட்டது. தாலி கட்டும் இடம் மட்டும் பாக்கி. கல்யாண நாளன்று காலையில், மாமா தாலியைக் கையில் எடுக்கும் இடத்தில் டேப்பை நிறுத்தினேன். கம்ப்யூட்டரில் 'ரெக்கார்டு' கொடுத்தேன். டெக்கில் 'ப்ளே' அமுக்கியிருக்க வேண்டும். ஆனால் முக்கியமான காட்சியாயிற்றே, இரண்டு பக்கமும் ரெக்கார்டு போட்டால் இன்னும் பலமாகப் பதியும் என்று டெக்கிலும் அந்தச் சிவப்பு ரெக்கார்டு பொத்தானை அமுக்கினேன். முன்பெல்லாம் அதை அமுக்கினால் டெக் கேசட்டை வெளியே துப்பிவிடும். இப்போது சமர்த்தாக ஓடியது. பொந்தை அடைத்த பலன் என்று பூரித்துப்போனேன். கேபிள் டிவி வயர் டெக்கின் பின்னாலேயே செருகியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

படத்தைத்தான் அணைத்து வைத்திருந்தேனே, திரை கறுப்பாகவே இருந்தது. சுமை ஏறக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்தி, அம்மாவின் மிக்ஸிக்குத் தடை போட்டு, வியர்க்க வியர்க்கக் காவல் இருந்தேன். முடிந்து, எல்லாத் துண்டையும் ஒட்டி முடிப்பதற்குள் மாமா வஞ்சிரத்தோடு வந்துவிட்டார். போட்டுப் பார்க்க நேரமில்லை.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காவை அம்மா இழுத்துவந்து கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தாள். அக்கா சுவரைப் பார்த்தாள். படம் ஓடியது. மாலை மாற்றும்போது மாமா மாலையை அவள் தலையிலேயே மாட்டிவிட்டுத் திணறும் இடத்தில் அக்கா முகம் மெதுவாகத் திரும்பியது. அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினாள். கெட்டிமேளம் முழங்கியது. மாமா தாலியைக் கையில் எடுத்தார்.

படம் ஒரு துள்ளு துள்ளிப் பளிச்சென்று தெளிந்தது. புடவையின் ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது. ஆனால் அது அக்கா புடவை இல்லை, செய்தி வாசிக்கும் அம்மாளின் புடவை. "வங்கக் கடலில் பலத்த காற்று வீசக்கூடும் என்பதால், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என எச்சரிக்கப்படுகிறார்கள்" என்று அவர் எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அக்கா வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மாமா திரையையே உற்றுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கரெக்டா தாலி கட்ற டைமுக்குத்தான் சொல்லிக்கீறாங்க," என்றார். "நான்தான் காதுல வாங்காம எறங்கிட்டேன்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்தினாள். முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "யோவ், நீ எப்பய்யா யாரு சொல்றத காதுல வாங்கிக்கீறே?" என்று அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். சாயங்காலமே இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டார்கள். அம்மா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

கேபிளில் ஓடிய செய்தி மேலே பதிந்ததில், கேசட்டில் தாலி போனது போனதுதான். சிடியில் பதியும்போது அந்தச் செய்தியை வெட்டிவிடுகிறேன் என்று கெஞ்சினேன், அக்கா தொடவிடவில்லை. அதைப் பார்த்தே வளர்ந்த அவள் மகள், கல்யாணம் என்றால் இப்படித்தான் என்று நம்பிவிட்டாள். விவரம் தெரிந்து முதன்முதலாக ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போனோம். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கும் நேரத்தில், அவள் நாற்காலி மேல் ஏறி நின்று மேடையை நாலு பக்கமும் பார்த்துவிட்டு, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி என்னைக் கேட்டாள்: "மாமா, நூஸ் படிக்கிற ஆயா இன்னும் வரல?"