இடது காலுக்கு வேலையில்லாத கார்

அன்பும் மரியாதையும் என்றும் குறையாத மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம், என் இடது காலைத் தவிர. அங்கே உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். போனில் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் தங்கை பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்தம் சொல்கிறாள். போதாக்குறைக்கு, முக்கியமான கட்டம் வரும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. உடனே நம் பெண் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஆகவேதான் எழுத்தில்.

விஷயம் இதுதான். பல் டாக்டரின் மகனுக்கு நம் பெண்ணைப் பேசியிருந்தோமே, அந்தச் சம்பந்தம் இப்போது அந்தரத்தில் தொங்குகிறது. டாக்டர் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை. போனை எடுப்பதில்லை. கிளினிக்குக்குப் போனால் நர்ஸம்மா வாசலிலேயே நின்று, "டாக்டர் யாரையும் பாக்கறதில்லைங்க" என்று என்னைப் பார்க்காமல் சொல்கிறார். பேச்சைத் தொடங்கி வைத்தவர் நீங்கள், டாக்டரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் நீங்கள். நீங்கள்தான் நேரில் போய் என் சார்பில் அவரைச் சமாதானப்படுத்த வேண்டும். எதற்காகச் சமாதானம் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கிளினிக்குக்கு அன்று விடுமுறை. நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்து கார் பேசுவோம். டாக்டர், தையற்கடைக்காரர், லிஃப்ட் மெக்கானிக், கணக்கு டீச்சர், நான். இதில் டாக்டரிடம் கார் இருக்கிறது, டீச்சரிடம் ஸ்கூட்டர் இருக்கிறது, மற்றவர்களிடம் கருத்து இருக்கிறது. இந்தப் புது ஸ்போர்ட்ஸ் காரின் முதல் படம் வந்த நாளிலிருந்தே கூட்டம் இரண்டாகப் பிளந்துவிட்டது. அழகில் சண்டை இல்லை. சண்டை கியர்பாக்ஸில். கிளட்ச் பெடல் கிடையாது, கையால் கியர் போடும் தண்டு கிடையாது, எட்டு கியரையும் தானே மாற்றிக்கொள்ளும் என்று செய்தி. "இதுதான் நாகரிகம்" என்றார் டாக்டர். நானோ ஆயுசு முழுக்க பஸ் டிரைவர்களுக்கு கிளட்ச் மிதிக்கச் சொல்லிக்கொடுத்து, ‘மாஸ்டர்’ என்று பேர் வாங்கிச் சோறு தின்றவன், சும்மா இருப்பேனா? "கிளட்ச் இல்லாதது காரே இல்லை டாக்டர், அது சோபா" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. அவர் வைத்திருப்பதும் கிளட்ச் இல்லாத கார்தான் என்பது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் கலக்கம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார் ஒரே ஒரு நாள் காட்சிக்கு வருகிறது, அதைப் பார்த்துவிட்டு வந்து கல்யாண விஷயத்தில் முடிவு சொல்கிறேன் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். காருக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் தங்கை கேட்டாள். எனக்குத் தெரியும், அதனால் நான் பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது நம் பெண் என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, "அப்பா, காரைப் பத்தி என்ன வேணா பேசுங்க. கியரைப் பத்தி மட்டும் வாயத் திறக்காதீங்க. எனக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்குப்பா" என்றாள். அவள் இதுவரை எதையும் பிடித்திருக்கிறது என்று என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை மச்சான். செருப்பிலிருந்து பள்ளிக்கூடம்வரை நாங்களாகத்தான் கண்டுபிடித்தோம்.

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. காலால் கெட்டேன்.

ஷோரூமுக்குள் நுழையும்போதே தையற்கடைக்காரர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். நடுவில் கார் நின்றுகொண்டிருந்தது. எப்படிச் சொல்வது? மழை கொட்டுவதற்குச் சற்று முன்னால் வானம் ஒரு நிறத்தில் இருக்குமே, அந்த நிறம். நீளமான பானட், அது முடியும் இடத்தில் தாழ்ந்த கூரை, பின்சக்கரத்தின்மேல் இடுப்பு அகன்று, அப்புறம் சட்டென்று முடிந்துவிடுகிறது, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் மனிதரைப் போல. அப்படி ஒரு மனிதரை நம் இரண்டு குடும்பத்திலும் நான் பார்த்ததில்லை. மற்ற கார்களைப் பற்றி இத்தனை வருஷம் வாய் கிழியப் பேசியதெல்லாம் வெட்கமாக இருந்தது.

முதலில் தையற்கடைக்காரர்தான் தொட்டார். முன்சக்கரத்துக்கு மேலிருந்து பின்விளக்குவரை ஒரு விரலை ஓட்டிக்கொண்டே போய், "மாஸ்டர், இங்க பாருங்க. ஒரே கோடு. எங்கயாவது தையல் தெரியுதா? ஒரு மடிப்பை இவ்வளவு நீளத்துக்கு இப்படி நிக்க வைக்க எனக்கு வராது. யாருக்கும் வராது" என்றார். திரும்பிப் பார்த்தால் லிஃப்ட் மெக்கானிக்கைக் காணோம். தரையில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் தலையை விட்டிருந்தார். விற்பனையாளர் பதறி ஓடிவந்து, "சார், சார், என்ன ஆச்சு?" என்று கேட்க, அடியிலிருந்து, "ஒண்ணும் ஆகலைங்க. வெளிய தெரியாத இடத்தையும் இப்படித் துடைச்சு வெச்ச மாதிரி செஞ்சிருக்காங்களேன்னு பாக்கறேன்" என்று பதில் வந்தது. கணக்கு டீச்சருக்கு மட்டும் காரின் முகம், அதாவது முன்பக்கத்து கிரில், பிடிக்கவில்லை. "வாய் ரொம்பப் பெரிசு. விடை தெரியாம முழிக்கிற பசங்க மாதிரி இருக்கு" என்றவர், காரை மெதுவாகச் சுற்றி வந்து, "பின்னாலேர்ந்து பாத்தா மன்னிச்சிடலாம்" என்றார். டாக்டரோ அந்த வாய்க்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். "என்ன பல்வரிசை! ஒண்ணோட ஒண்ணு முட்டாம, இடைவெளி எல்லாம் ஒரே அளவா… என் வாழ்நாள்ல இப்படி ஒரு வாயை நான் பாத்ததில்லை" என்று அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது மச்சான். பெண்ணைக் கொடுத்தால் இவர் வீட்டில்தான் கொடுக்க வேண்டும் என்று முடிவே செய்துவிட்டேன்.

அங்கேயே நிறுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். விற்பனையாளர் டாக்டரிடம் சாவியை நீட்டி, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறீர்களா என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். "முதல்ல மாஸ்டர் ஓட்டட்டும். ஓட்டிட்டு வந்து அந்த சோபாங்கற வார்த்தைய இன்னொரு தடவை சொல்லட்டும்" என்றார். என் லைசென்ஸை வாங்கிப் பார்த்த விற்பனையாளர் நிமிர்ந்து நின்றுகொண்டார். பஸ், லாரி, கிரேன் எல்லாம் ஓட்டலாம் என்று அதில் இருக்கிறது. "சார், இது கொஞ்சம் சின்ன வண்டி" என்றார் பணிவாக. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்சீட் என்று ஒன்று இருப்பதாக விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். அதில் கைப்பை வைக்கலாம், டாக்டரை வைக்க முடியாது. ஆனால் நான் தோற்பதை நேரில் பார்த்தே தீருவது என்று அவர் முழங்கால் மோவாயில் இடிக்க மடங்கி உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு, எங்கள் இருவர் தோளுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டார்.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்லத் தமிழ் போதாது. கார் கிளம்பியது. முதல் கியர் சத்தம் கேட்டது. அப்புறம் இரண்டாவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. "எப்ப மாறும்?" என்று கேட்டேன். "இப்ப நாலுல போகுது சார்" என்றார் விற்பனையாளர். "எப்பய்யா மாறிச்சு?" "நீங்க மூச்சு விட்டப்ப சார்." எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கொஞ்சம் அழுத்தினேன், அடித்தொண்டையில் ஒரு செருமல் செருமிவிட்டு இரண்டு கியர் இறங்கி, என்னை இருக்கையோடு சேர்த்து அழைத்துக்கொண்டு போனது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. முன்னால் ஒரு வளைவு வந்தது. இந்த இடத்தில் மூன்று போட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் அது போட்டுவிட்டது. உங்கள் தங்கைக்குப் பிறகு, நான் நினைப்பதை எனக்கு முன்னால் தெரிந்துகொண்டது இந்த கியர்பாக்ஸ்தான். என்னிடம் படித்த ஒருத்தன்கூட இப்படி மாற்றியதில்லை. நானும் மாற்றியதில்லை. எத்தனையோ பேரை, கியர் மாறுவது பயணிக்குத் தெரியக்கூடாது என்று திட்டியிருக்கிறேன். அப்படி ஒன்று நிஜமாகவே நடக்கும் என்று நானே நம்பியதில்லை போலிருக்கிறது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. சிக்னலில் சிவப்பு விழுந்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டே, "டாக்டர், நான் தோத்துட்டேன்" என்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

ஆனால் நான் தோற்றுப்போன செய்தி என் இடது காலுக்குப் போய்ச் சேரவில்லை. வண்டி நிற்கப் போகிறது என்றால் அது கிளட்சை மிதிக்கும். அதுதான் அதன் பிழைப்பு. பஸ் கிளட்சை மிதிக்கிற அந்த மிதியை, கிளட்ச் இருக்க வேண்டிய இடம்வரை அகலமாக நீண்டிருந்த பிரேக்கின்மேல் மிதித்தது. கார் நிற்கவில்லை, நட்டுவைத்த மாதிரி ஆகிவிட்டது. பெல்ட் என்னைப் பிடித்துக்கொண்டது, விற்பனையாளரைப் பிடித்துக்கொண்டது, டாக்டரையும் பிடித்துக்கொண்டது. ஆனால் என் காதோரமாக ஏதோ ஒன்று பறந்து போய், முன்கண்ணாடியில் பட்டு, திரும்பி வந்து, கியர் தண்டு இல்லாததால் காலியாகக் கிடந்த இடத்தில் விழுந்தது. பார்த்தால் பல். நாலு பல், ரோஸ் நிற ஈறோடு.

"சார், யாரோடது?" என்று கேட்டார் விற்பனையாளர். நானும் அவரும் நாக்கால் எங்கள் பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டோம். பின்னால் டாக்டர் கைக்குட்டையால் வாயை மூடியிருந்தார். தன் சொந்தப் பல்லைக் காப்பாற்றத் தெரியாதவன் குடும்பத்தை எப்படிக் காப்பாற்றுவான் என்று வருகிறவர்களையெல்லாம் அந்த நாற்காலியில் படுக்கவைத்துக் கேட்கிறவர் மச்சான்! அவர் கட்டியிருப்பது பொய்ப்பல் என்பது அவர் மகனுக்கே தெரியாத விஷயம். நான் என்ன செய்திருக்க வேண்டும்? பார்க்காத மாதிரி இருந்திருக்க வேண்டும். நான் சிரித்துவிட்டேன். அடக்கிப் பார்த்து, அடக்கியதால் இன்னும் பெரிதாக வந்துவிட்டது. விற்பனையாளர் அதை அந்தக் காரின் பளபளப்பான விளம்பரத்தாளிலேயே மடித்து இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுத்தார். ஒரு பல்லின் ஓரம் உடைந்திருந்தது. டாக்டர் வாங்கிக்கொண்டு, இறங்கி, வந்த டாக்சியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார். முடிவு சொல்வதாக இருந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டில் நம் பெண், "வாயத் திறக்காதீங்கன்னு அவ்வளவு சொன்னேனே" என்றாள். "நான் திறக்கலைம்மா, அவர்தான் திறந்தார்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் கத்தவில்லை, அழவில்லை, தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டாக்டர் வீட்டுக்குள்ளேயே முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு நடக்கிறாராம், கல்யாணத்தைப் பற்றி மகன் கேட்டால் கையை மட்டும் ஆட்டுகிறாராம். அந்தக் கை ஆட்டலுக்கு 'வேண்டாம்' என்று பொருளா, 'அப்புறம்' என்று பொருளா என்று இங்கே உங்கள் தங்கையும் நானும் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவ்வளவு கோபம் அந்த மனிதருக்கு.

ஆகவே மச்சான், நீங்கள் போய்ச் சொல்லுங்கள். கிளட்ச் கட்சியை நான் கலைத்துவிட்டேன். அந்த கியர்பாக்ஸுக்கு முன்னால் நான் தலைவணங்கிவிட்டேன், இது கல்யாணத்துக்காகச் சொல்வது அல்ல, கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தவன் சொல்வது. பல் விஷயம் என் வாயிலிருந்து ஒருவருக்கும் போகாது. உங்களுக்குச் சொன்னது கணக்கில் வராது. என்மேல் உள்ள கோபத்தைப் பிள்ளைகள்மேல் காட்ட வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக் கேளுங்கள். எனக்காக இல்லை, அவளுக்காக.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசியும் அன்பும் குறைவில்லாமல் பங்கிட்டுக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
தலைநிமிர முடியாத தங்கள்
தங்கை கணவன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது வாசல்மணி அடித்தது. டாக்டர்! வாய் நிறையப் பல்லோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். "லேப்ல இன்னிக்குத்தான் சரிபண்ணிக் குடுத்தாங்க. அது இல்லாம நான் எப்படிப் பேசறது? எதைச் சொன்னாலும் காத்துதான் வருது" என்றார். கோபமா என்றால், கோபமே இல்லையாம். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், சமாதானத்துக்குப் போக வேண்டாம், பல்லைப் பற்றி நீங்கள் எதுவும் படிக்கவும் இல்லை. ஆனால் நான் மரியாதையாக, "டாக்டர், அந்த கியர்பாக்ஸ் விஷயத்துல நீங்க சொன்னதுதான்…" என்று தொடங்கினேன். "பேசாதீங்க! கிளட்ச் இருந்திருந்தா உங்க கால் அதை மிதிச்சிருக்கும், என் பல் என் வாயிலயே இருந்திருக்கும். கிளட்ச் இல்லாதது காரே இல்லை!" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அந்தக் காரைப் பற்றி என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இப்படிப் பேசுவதா? நான் எழுந்தேன், அவரும் எழுந்தார். சமையலறை வாசலில் உங்கள் தங்கையும் நம் பெண்ணும் மூச்சுவிடாமல் நின்றார்கள். "நீங்க என்ன சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன் சம்பந்தி!" என்று அவர் மேஜையைத் தட்டினார். நானும் விடாமல் எட்டு கியரைப் பற்றியும் பேசிக்கொண்டே போனேன். நம் பெண் விசும்புகிற சத்தம் கேட்ட பிறகுதான், அவர் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பது எனக்கு உறைத்தது.