வண்டிக்குப் பிடித்த குளிர்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் ஓடுகிற வண்டிகளில், ஒரு தடவையாவது தூக்கில் தொங்காத வண்டி கிடையாது. பால்காரர் மொபெட், டீச்சரம்மா ஸ்கூட்டர், போலீஸ்காரர் பைக் எல்லாம் தொங்கியிருக்கின்றன. என் மீன்பாடி வண்டியும் தொங்கியிருக்கிறது. தொங்கவிட்டவர் கிரேன் நைனா.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எனக்குத் தெரியாது. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டினார். ரிட்டயர் ஆனதும் விம்கோ நகர் பக்கம் ரோட்டோரமாக மெக்கானிக் கடை போட்டார். மற்ற மெக்கானிக்குகள் வண்டிக்குப் பக்கத்தில் குந்துவார்கள், குனிவார்கள், அடியில் போய்ப் படுப்பார்கள். நைனா நின்றது நின்றபடிதான். கடை நடுவில் இரண்டு இரும்புத் தூண் நட்டு, மேலே ஒரு உத்திரம் போட்டு, அதில் செயின் பிளாக் மாட்டியிருந்தார். சங்கிலியை இழுத்தால் எவ்வளவு கனத்தையும் மேலே ஏற்றும், அந்தச் சாமான். எந்த வண்டி வந்தாலும் பெல்ட் கட்டித் தன் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிவிட்டுத்தான் ஸ்பேனரையே எடுப்பார். பஞ்சருக்கும் தூக்குவார். ஹாரன் அடிக்கவில்லை என்றாலும் தூக்குவார்.

“ஏன் நைனா, குனிஞ்சு பார்த்தா ஆவாதா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“குனியறதுக்கு நான் இன்னா கல்யாணப் பொண்ணாமே? கப்பல்ல வந்த லோடையே மேல வரவச்சவன். இந்த ஸ்கூட்டருக்கு நான் கீய போவணுமா?”

எழுபது தாண்டிய முதுகு குனிய மாட்டேன் என்கிறது, அதுதான் நிஜம். ஊருக்கே தெரியும். ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். மார்கழியில் சட்டைக்கு மேல் சட்டை போட்டு, குரங்குக் குல்லாவும் மாட்டிக்கொண்டு நிற்பார். குளிரா நைனா என்றால், “குளிரா? இது கொசுவுக்கு” என்பார்.

வண்டி ஏறும்போது பேச மாட்டார், கைச்சாடைதான். விரலைச் சுற்றினால் ஏற்று, உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு, கையை முஷ்டியாக மடக்கினால் நிறுத்து. டீக்கடைக்கும் அதே சாடைதான். ஒரு தடவை டீச்சரம்மாவின் ஸ்கூட்டர் மேலே தொங்கும்போது, அவர்களுடைய சாப்பாட்டு டப்பா வண்டிப் பெட்டியிலேயே மாட்டிக்கொண்டது. மதியம் பசியோடு ஓடி வந்தார்கள்.

“கொஞ்சம் இறக்குங்களேன், டப்பாவை மட்டும் எடுத்துக்கறேன்.”

“மேல கீற லோடைப் பாதில எறக்கக்கூடாதும்மா. ஹார்பர் ரூலு.”

கடைசியில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். டீச்சரம்மா அதன்மேல் ஏறி நின்று, ஸ்கூட்டர் சீட்டில் டப்பாவை வைத்து, தயிர்சாதம் சாப்பிட்டு இறங்கினார்கள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. காசிமேட்டில் மீன் எடுத்துத் திருவொற்றியூர்த் தெருக்களில் விற்பது நாற்பது வருஷத் தொழில். முதலில் தலையில் கூடை. பிறகு மூன்று சக்கரத்தில் மிதிக்கிற மீன்பாடி வண்டி. அப்புறம் அதிலேயே பழைய ஸ்கூட்டர் இன்ஜினை வைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் இன்ஜின் வைத்த மீன்பாடி ஓட்டிய முதல் பொம்பளை நான்தான். இரண்டாவது பொம்பளை இன்னும் வரவில்லை.

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் அந்த வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. விடியற்காலையில் கிக்கரை இருபது உதை உதைத்தாலும் இருமிவிட்டு அடங்கிவிடும். நான் காசிமேடு போய்ச் சேர்வதற்குள் நல்ல வஞ்சிரம் எல்லாம் ஏலம் போய்விடும். மிச்சம் கிடப்பதை அள்ளிக்கொண்டு வர வேண்டும். ஆனால் வெயில் வந்த பிறகு என் மகன் சேகர் உதைத்தால் அதே வண்டி ஒரே உதையில் கிளம்பியது.

“வெயில் வந்துட்டுது, கெளம்பாதா பின்ன?” என்றேன். என் முட்டியும் கொஞ்சம் வலித்தது. மார்கழியில் யாருக்குத்தான் முட்டி வலிக்கவில்லை?

சேகர் கண்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவன். ஒரே பிள்ளை. அவனுக்கு நான் வண்டி ஓட்டுவது ரொம்ப நாளாகவே பிடிக்காது.

“போதும்மா. போகிக்குள்ள இது காலைல ஒயுங்கா கெளம்பலைன்னா காயலாங்கடைக்குப் போட்ருவேன். நீ வூட்ல குந்தினு டிவி பாரு.”

“கெளம்பிட்சுன்னா?”

“அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்.”

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். வீட்டில் சும்மா உட்காருவது எனக்குத் தெரியாத தொழில். இந்த வயதில் புதிதாகக் கற்றுக்கொள்ளவும் முடியாது.

நேராக நைனாவிடம் போனேன். அவர் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“நோவு காலைலதான்மே தெரியும். வெயில் ஏறிட்சுன்னா எல்லா இன்ஜினும் நல்லவன் மாரி நடிக்கும். நைட்டு இங்கயே வுட்டுட்டுப் போ. காலைல அஞ்சு மணிக்கு வா.”

மறுநாள் ஐந்து மணிக்குப் போனேன். கடல் பக்கத்துப் பனி, ரோட்டில் வரிசையாக நின்ற கண்டெய்னர் டிரெய்லர்களின் விளக்கையே மூடியிருந்தது. நைனா கடையிலேயே தூங்குகிறவர். பாயில் மல்லாந்து கிடந்தார், தலையில் குரங்குக் குல்லா.

“நைனா, எயுந்திரு.”

“எயுந்துட்டேன்.”

“படுத்துகினு கீறியே?”

“யோசிச்சிகினு கீறேன்மே.”

கிட்டே போய்ப் பார்த்தேன். பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். நெற்றியில் வேர்வை, அந்தக் குளிரில்.

“முதுகு புட்சிகிச்சா?”

“முதுகா? எனக்கா? குளிர்ல தரை கொஞ்சம் கெட்டியாயிட்சு, அவ்ளோதான்.”

கையைக் கொடுத்து இழுத்தேன். ஒரு பக்கம் அவர் முதுகு கத்தியது, ஒரு பக்கம் என் முட்டி கத்தியது. இரண்டு பேரும் பாயிலேயே விழுந்தோம். விழுந்த இடத்திலிருந்து மேலே பார்த்தேன். செயின் பிளாக் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

“வேணாம்மே. அசிங்கம்.”

“லோடு பேசக்கூடாது நைனா. ஹார்பர் ரூலு.”

பெல்ட்டை அவர் அக்குளுக்கு அடியில் விட்டு, இரண்டு சட்டைக்கும் மேலாக மாட்டினேன். சங்கிலியை இழுத்தேன். முதல் அரை அடிக்கு என் பரம்பரையையே திட்டினார். அதற்குமேல் அவருக்கே பொறுக்கவில்லை, கை தானாக மேலே வந்தது. விரலைச் சுற்றினார், ஏற்றினேன். மெல்ல என்று காட்டினார், மெல்ல இழுத்தேன். லோடும் அவர்தான், சிக்னலும் அவர்தான். கால் தரையில் பாவியதும் முஷ்டியை மடக்கிக் காட்டினார். நிறுத்தினேன். முதுகில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

“ஹப்பாடா. இப்பதான்மே எடத்துல உக்காந்துது,” என்றவர், கொஞ்ச நேரம் அப்படியே தொங்கியபடி மூச்சு வாங்கினார். அப்புறம், “வெளிய சொன்னியானா...” என்றார்.

“இன்னாத்த சொல்றது? நான் ஒன்னும் பார்க்கலியே.”

பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தூணைப் பிடித்து நின்றுகொண்டு, “ம், உதை” என்றார். உதைத்தேன். பதினைந்து உதை. வண்டி இருமியது, அடங்கியது. நைனா இன்ஜினைப் பார்க்கவே இல்லை. என் காலைப் பார்த்தார். நான் புடவையை இழுத்து முட்டியை மூடினேன்.

“போய் ரெண்டு டீ வாங்கியா,” என்றார்.

டீக்கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு சத்தம் கேட்டது. எத்தனை லாரிக்கு நடுவிலும் என் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். டிரெய்லர் டிரைவர் ஒருவர், ரப்பர் செருப்புக் காலால் ஒரே உதை விட்டிருந்தார். அந்தப் பனியிலேயே வண்டி கணீரென்று ஓடியது. நைனா அவசரமாக முஷ்டியை மடக்கினார். டிரைவர் வண்டியை அணைத்தார். வாயில் விரலை வைத்துக் காட்டி அவரை அனுப்பிவிட்டு, நைனா ஒன்றும் நடக்காத மாதிரி தூணில் சாய்ந்துகொண்டார்.

இரண்டு கிளாஸையும் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தேன். கோளாறு வண்டியில் இல்லை. நைனா ஒரு வார்த்தை சேகரிடம் சொன்னால் என் தொழில் அதோடு முடிந்தது.

“இன்னா நைனா கோளாறு?” என்று கேட்டேன்.

அவர் ஊதி ஊதி அரை கிளாஸ் குடித்தார். “கார்புரேட்டர்ல குளிர் பூந்துகிச்சுமே. இந்த வண்டிக்கு இனிமே கிக்கர் ஒத்துக்காது. வேற வழி பண்ணணும்.”

“நானும் அதான் நெனச்சேன்,” என்றேன்.

இரண்டு நாள் வண்டி தூக்கில் தொங்கியது. காத்திவாக்கத்து மீனவர்கள் ஃபைபர் படகு இன்ஜினை, ஒரு சக்கரத்தில் கயிறு சுற்றி இழுத்துக் கிளப்புவார்கள். அந்தச் சக்கரம் ஒன்றை வாங்கி வந்து, இராவி, துளை போட்டு, என் இன்ஜினில் பொருத்தினார். கால் வேலையைக் கைக்கு மாற்றிவிட்டார்.

போகி அன்று காலையில் தெருவே புகையாக இருந்தது. சேகர் காயலாங்கடைக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தான். நைனாவும் வந்து நின்றார். நான் கயிற்றைச் சுற்றினேன். ஒரு இழுப்பு, இருமியது. காயலாங்கடைக்காரர் டயரைத் தட்டிப் பார்த்தார். எனக்கு வந்ததே கோபம். நாற்பது வருஷம் ஐஸ் பெட்டி தூக்கிய கை இது. இன்னொரு இழுப்பு இழுத்தேன். வண்டி கத்திய கத்தலில் அவர் இரண்டடி பின்னால் போனார்.

“இன்னா நைனா இது? மீன்பாடியா, ஃபைபர் படகா?” என்றான் சேகர்.

“கால்ல உதைச்சா இதுக்கு ரோசம் வருதுபா. கையால கூப்ட்டா வருது. வயசான வண்டி, மருவாதி எதிர்பாக்குது.”

சேகர் நைனாவைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், அப்புறம் என் முட்டியைப் பார்த்தான். முட்டாள் பிள்ளையா பெற்றேன்? “நீங்க போங்கண்ணே,” என்று காயலாங்கடைக்காரரை அனுப்பிவிட்டு, ஐஸ் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான்.

வெளியே சொல்லாதே என்று நைனா சொன்னதை இப்படி எழுதிவிட்டேனே என்று நினைக்க வேண்டாம். அவர் இதைப் படிக்க மாட்டார். படிக்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று ஆகிவிடும்.

இப்போது மறுபடியும் மார்கழி. வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஆனாலும் தினம் காலையில் காசிமேட்டுக்குப் போகும்போது, நைனா கடை வாசலில் நிறுத்தி, “நைனா, ஏதோ சத்தம் வருது பாரு!” என்று கத்துவேன். திட்டிக்கொண்டே எழுந்து வருவார். நின்று, காதை வைத்துக் கேட்டு, ஒன்னும் இல்லைமே, போ என்பார்.

அவர் நிற்பதைப் பார்த்துவிட்டுப் போவேன்.