இலாபத்தாரின் வளவு

புயலடித்தால் ஊருக்கு நட்டம் வரும். இது குழந்தைக்கும் தெரியும். புயலால் தனக்கு இலாபம் வந்துவிட்டது என்று அரசாங்கக் கந்தோருக்கு நடந்து வந்து முறைப்பாடு செய்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நெடுந்தீவில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அந்த முறைப்பாட்டுக்குப் பிறகு கந்தோர்க் கடதாசியில் தவிர வேறெங்கும் அதை யாரும் பாவிக்கவில்லை. ஊருக்கு அவர் இலாபத்தார்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. தெற்கே ஒரு பட்டணத்தில் எங்களுக்கு இருந்த கடையும், அதன் மேல்மாடியில் இருந்த வீடும் எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எரிந்துபோயின. குடும்பம் கரம்பொன்னில் மாமி வீட்டு விறாந்தையில் ஒண்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு நெடுந்தீவுக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்றார்கள். கடிதம் கையில் வந்த கிழமைதான் தீவைப் புயல் புரட்டியது. அங்கே யாருடைய உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதே பெரிய ஆறுதல்.

பத்தாம் நாள் படகில் போய் இறங்கினேன். பனைகள் சீப்பில் பல் உடைந்த மாதிரி நின்றன. கந்தோருக்குப் பாதிக் கூரைதான் மிச்சம். தலைமை எழுதுவினைஞர் மற்றப் பாதியில் குடை பிடித்தபடி இருந்து என்னை வரவேற்றார்.

"தம்பி, வேலை சுகம். சனம் வந்து தங்கடை நட்டத்தைச் சொல்லும். நீர் அதை இந்த அச்சடிச்ச போமிலை எழுதவேணும். அவ்வளவுதான். மழை வந்தால் போமைக் காப்பாத்தும். உம்மைப் பிறகு பாப்பம்."

படுக்கக் கந்தோருக்குப் பின்னாலிருந்த சாமான் அறை கிடைத்தது. ஏற்கெனவே அங்கே குடியிருந்த பல்லிகள் என்னைப் பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டன.

இரண்டாம் நாள் காலை, நெடுநெடுவென்று வளர்ந்து வெயிலில் காய்ந்த ஒரு மனிதர் வந்து என் முன்னால் நின்றார். ஐம்பது வயது இருக்கும். கக்கத்தில் ஒரு கோழி.

"சொல்லுங்கோ அண்ணை, என்ன நட்டம்?"

"நட்டமோ? எனக்கு இலாபமெல்லோ வந்திருக்கு. எழுதும்."

"விளங்கேல்லை அண்ணை."

"காத்து ஊரிலையுள்ள சாமானெல்லாத்தையும் அள்ளிக்கொண்டு வந்து என்ரை வளவுக்கை போட்டிட்டுது. தகரம் முப்பத்தேழு. கதவு ரெண்டு. தோணியிலை பாதி. ஒரு கூறைச் சேலை. உயிரோடை வந்தது இந்தக் கோழி மட்டும்."

அவர் வளவு கடலோரத்தில், மற்றவற்றைவிட உயரமான கல்வேலியோடு இருந்தது. பறந்ததெல்லாம் அந்த வேலியில் மோதி உள்ளே விழுந்திருக்கிறது.

"இதை எழுத ஏலாது அண்ணை. இந்தப் போமிலை நட்டத்துக்குத்தான் இடம் கிடக்கு."

அவர் போமை எடுத்துத் திருப்பி வைத்தார். "இந்தப் பக்கம் சும்மாதானே கிடக்கு? இதிலை எழுதும். நாளைக்கு நான் களவெடுத்தனான் எண்டு ஆரும் சொல்லக்கூடாது."

எழுதினேன். எழுதி முடியுமட்டும் கோழி என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து நாள் தவறாமல் வந்தார். எந்தச் சாமான் எந்த மூலையில் கிடந்தது, எந்தச் சாமானை யார் கொண்டு போனார் என்று சொல்லுவார். நான் போமின் பின்பக்கத்தில் எழுதுவேன். சாமான் திருப்பிக் கொடுக்கும் இடத்துக்கு அரசாங்கச் சாட்சியாக என்னையும் கூட்டிப்போவார். வளவு ஒரு சந்தை மாதிரி இருந்தது. எல்லாம் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அடையாளம் சொல்லாமல் ஒரு ஆணிகூட வெளியே போகாது.

ஒரு அம்மா சட்டி கேட்டு வந்தார்.

"கடைசியா இதிலை என்ன காய்ச்சினனீர்?"

"ஒடியல் கூழ்."

இலாபத்தார் சட்டிக்குள் முகத்தை விட்டு நெடுநேரம் மணந்து பார்த்தார். "நண்டு போட்டதோ?"

"இல்லை, திருக்கை."

"சரி. கொண்டுபோம்."

கோழிக்கு இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் அது தன் கோழிதான் என்று சண்டை. இலாபத்தார் கோழியைப் படலைக்கு வெளியே விட்டார். "எந்த வீட்டுக்குப் போகுதோ அந்த வீட்டுக் கோழி." கோழி வலப்பக்கம் பார்த்தது. இடப்பக்கம் பார்த்தது. பிறகு நிதானமாகத் திரும்பி அவர் குசினிக்குள் போய்விட்டது.

"தம்பி, எழுதும்," என்றார். "இரண்டு பேரையும் கோழி ஏற்றுக்கொள்ளவில்லை."

அதையும் எழுதினேன்.

ஒருநாள் என்னோடு கந்தோருக்குத் திரும்பி வரும்போது திடீரென்று கேட்டார். "ஊரெல்லாம் தன்ரை நட்டத்தைச் சொல்லுது. நீர் ஒண்டும் சொல்லேல்லை. உமக்கு ஒண்டும் போகேல்லையோ?"

கடையைப் பற்றிச் சொன்னேன். அதோடு எரிந்த அம்மாவின் தையல் மெசினைப் பற்றியும் சொன்னேன். அதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

"அது காத்துக் கொண்டுபோன சாமான் இல்லையே தம்பி. காத்தெண்டால் நான் எங்கையாவது தேடிப் பாக்கலாம்."

மூன்றாம் கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் வந்தார். போம்களைப் புரட்டினார். முன்பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பின்பக்கத்தில் கோழியைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இது ஆற்றை எழுத்து?"

"என்ரை, ஐயா."

"நீர் நிரந்தரமோ?"

"இன்னும் இல்லை, ஐயா."

"ம்," என்றார். அந்த 'ம்'மில் எனக்குக் கரம்பொன் விறாந்தை தெரிந்தது.

பின்பக்கத்தில் இன்னொரு வரி அவர் கண்ணில் பட்டது: 'கந்தோர்ப் பெயர்ப்பலகை ஒன்று.' "எங்கடை பலகையை அவர் ஏன் வைச்சிருக்கிறார்?" என்று கேட்டு, தலைமை எழுதுவினைஞரையும் என்னையும் கூட்டிக்கொண்டு நேரே வளவுக்குப் போனார்.

இலாபத்தார் கதிரை போட்டு மரியாதையாக இருத்தினார். "பலகையோ ஐயா? தாராளமா. அதிலை என்ன எழுதியிருக்கு எண்டு சொல்லுங்கோ."

மேலதிகாரி 'பணிமனை' வரைக்கும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"பிழை ஐயா. இது உங்கடை பலகை இல்லை."

மேலதிகாரியின் முகம் சிவந்தது. அப்போது தலைமை எழுதுவினைஞர் மெல்ல இருமினார். "ஐயா... கடைசியிலை ஒரு சுழி கூட. பணிமணை. ஒன்பது வருசத்துக்கு முதல் நான்தான் எழுதிக் குடுத்தனான்."

"அதுதான்!" என்று இலாபத்தார் பலகையைத் தூக்கி வந்தார். மேலதிகாரி அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு முடியுமுன் மழை கொட்டியது. விறாந்தையில் மிஞ்சியிருந்த ஓலைக்குக் கீழே ஒதுங்கினோம். சாரல் அடிக்கவே, மேலதிகாரி கதவைத் தள்ளி உள்ளே போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் அந்த விறாந்தைக்கு அப்பால் போனதில்லை.

உள்ளே கூரை இல்லை; விறாந்தை ஓலை அதை வெளியே தெரியாமல் மறைத்திருந்தது. நாலு சுவர், நடுவில் மழை. ஒரு மூலையில் அந்தப் பாதித் தோணியைக் கவிழ்த்து, அதன் கீழே பாய் விரித்திருந்தது. பாய்க்குப் பக்கத்தில் கோழி. வெளியே உரிமையாளர் வராத தகரங்கள் பத்தொன்பது, துடைத்து அடுக்கியபடி நனைந்துகொண்டிருந்தன.

"இந்தத் தகரத்திலை நாலைத் தூக்கி மேலை போட்டால் என்ன?" என்றார் மேலதிகாரி.

"அது ஆற்றையோ தகரம் ஐயா."

"அப்ப உங்கடை கூரை?"

"அது ஓலை. ஆற்றையோ வளவுக்கை போய் விழுந்திருக்கும். கண்டால் கொண்டுவந்து தருவினந்தானே."

நான் பையிலிருந்து ஒரு புதுப் போமை எடுத்தேன். முன்பக்கத்தில் இலாபத்தாருடைய சொந்தப் பெயரை எழுதினேன். நட்டம் என்ற இடத்தில் 'வீட்டுக் கூரை' என்று எழுதி நீட்டினேன். அவர் கையெழுத்துப் போடத் தயங்கினார். மேலதிகாரி தன் பேனையைக் கொடுத்தார்.

படகு ஏறும்போது மேலதிகாரி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, பின்பக்கம் எழுதினதிலை பிழை இல்லை. எழுத்தைக் கொஞ்சம் பெரிசா எழுதும்." ஆறு மாதம் ஆகுமுன்னம், அடுத்த மாதமே வேலை நிரந்தரமானதாகக் கடிதம் வந்தது.

அரசாங்கப் பணம் ஆமையாக வரும் என்று தெரியும். மேலதிகாரி வந்துபோன அதே கிழமை, சனிக்கிழமை, சட்டிக்கார அம்மா வீட்டார், கோழிக்குச் சண்டை பிடித்த இருவர், தகரம் வாங்கிப்போனவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கட்டு பனையோலையோடு வந்தார்கள். நான் ஓலை எடுத்துக் கொடுத்தேன். இலாபத்தார் கீழே நின்று எல்லாரையும் ஏசினார். "இது ஆற்றை ஓலை? எழுதினனீரோ?" என்று என்னைத் துரத்தித் துரத்திக் கேட்டார்.

பின்னேரம் கூரை முடிந்தது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். பிறகு குசினிக்குள் போய் எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே உப்புப் போட்டிருக்க வேண்டும்; வாயில் வைக்க முடியவில்லை. நான் இரண்டு கோப்பை குடித்தேன்.

திங்கட்கிழமை பல்லிகளிடம் விடைபெற்று, என் பெட்டியோடு அவர் வளவுக்குக் குடிபோனேன். அதன்பிறகு நாலு வருசம், அந்த மனிதரின் உப்பைத் தின்றுதான் வாழ்ந்தேன்.